ஜமாலியா சிஸ்டர்ஸின் குடைப் பாட்டு

"நீ யாரை நெனச்சுப் பாடினேன்னு சொல்லு. பேரை மட்டும் சொல்லு, போதும்."

"யாரையும் நெனைக்கலடி. தாளத்தை நெனச்சேன்."

"தாளத்துக்கா நெஞ்சு இப்படி அடைக்குது? வில்லை ஒட்டிக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன் டெல்ஃபின். என்கிட்டயே கதை விடறியா?"

யூனிஸ் டெல்ஃபினிடம் இப்படிக் கேட்டபோது பகல் பதினொரு மணி இருக்கும். பெரம்பூர் ஜமாலியாவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருக்கும் மாடி அறை. முட்டை அட்டை சத்தத்தை வெளியே விடாது என்பது ஒட்டியவர்களின் நம்பிக்கை. கீழே பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தவர் பம்பு அடிப்பதை நிறுத்தினார். எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த அம்மாள் ஒரே புடவையை மூன்று தடவை உதறினார்.

ஜமாலியா சிஸ்டர்ஸ் என்ற பெயரைப் பார்த்து அக்கா தங்கைகள் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று பேர், மூன்று வீடு, மூன்று வேதம் என்றுகூடச் சொல்லலாம், டெல்ஃபின் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை என்பதால். அவள்தான் முன்பாட்டு. ஆங்கிலோ இந்தியப் பெண், நாற்பதுக்கு ஒன்று குறைவு. நிச்சயம் செய்துகொண்டவன் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியா போனான். போய்ச் சேர்ந்ததாக ஒரு செய்தி வந்தது, அத்தோடு சரி. பின்பாட்டுக்கு யூனிஸ், மெஹர்பானு. யூனிஸுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மூவரில் சின்னவளான மெஹர்பானு பாடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். மற்ற நேரங்களில் அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

அவர்கள் பாடுவது ஸோல். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் கடவுளைக் கூப்பிட்ட அதே குரலில் காதலனையும் கூப்பிடத் தொடங்கியபோது பிறந்த பாட்டு வகை. ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நம் மூவர் அந்தப் பாணியில் பழைய தமிழ் சினிமாக் காதல் பாட்டுகளைப் பாடினார்கள். ஒரே மைக், அதைச் சுற்றித் தோளோடு தோள் இடிக்க மூன்று பேர். ஆளுக்கொரு மைக் வைத்தால் குரல்கள் ஒன்றையொன்று மதிக்காது என்பது டெல்ஃபினின் சட்டம். நடந்த கூத்துக்கெல்லாம் இந்தச் சட்டம்தான் காரணம் என்று தெருவில் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு.

நெஞ்சுத்தடம் வந்து அப்போது ஆறு வருஷம். பாடுகிறவர் கழுத்தில் ஒரு பட்டை கட்டுவார்கள். பாடும்போது உடம்புக்குள் ஓடுகிற தவிப்பு, சூடு, திணறல் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். கேட்கிறவர் காதுக்குப் பின்னால் ஒரு வில்லை, ஸ்டிக்கர் பொட்டு அளவு. ஒட்டிக்கொண்டால் பாட்டோடு சேர்ந்து அந்தத் தவிப்பும் நெஞ்சில் இறங்கும். முகம் வராது, பெயர் வராது. தவிப்பு மட்டும். ஒரே வருஷத்தில், தடம் இல்லாத பாட்டைக் கேட்பது உப்பில்லாமல் சாப்பிடுவது மாதிரி என்று ஜனங்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பழைய பாட்டுகளுக்கு ஏது தடம்? பாடியவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம். எனவே யாராவது அவற்றைத் திரும்பப் பாடி, கூடவே ஒரு நெஞ்சையும் வைத்துக் கொடுத்தால் ஊர் அள்ளிக்கொண்டது.

பாடுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். முன்பெல்லாம் தொண்டை சரியாக இருந்தால் போதும். இப்போது உள்ளேயும் ஏதாவது இருந்தாக வேண்டும். ஒரு காதல் பாட்டுக்காகக் காதலித்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நல்ல சோகப் பாட்டு ஒன்று கைவசம் இருந்ததால் வீட்டுச் சண்டையைச் சமாதானம் ஆகவிடாமல் பார்த்துக்கொண்ட ஒரு பாடகர் கொளத்தூர் பக்கம் இருந்தார்.

ஜமாலியா சிஸ்டர்ஸ் எடுத்தது 'தெருமுனையில் ஒரு குடை'. அறுபது வருஷத்துப் பாட்டு. வருகிறேன் என்றவன் வரவில்லை, மழை பெய்கிறது, அவள் தெருவில் போகிற ஒவ்வொரு குடையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டில் வேறொன்றும் கிடையாது. டெல்ஃபின் 'குடை தெரியுதா' என்று கேட்பாள். மற்ற இருவரும் 'தெரியல, தெரியல' என்று கீழ்ச் சுருதியில் முனகுவார்கள். வெளிவந்து ஒரு வாரத்துக்குள் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் நறுக்குகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் முப்பது வருஷத்துக்குப் பிறகு மனைவியைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டு, அந்தம்மாள் பயந்துபோய் மகனுக்குப் போன் போட்டுவிட்டாளாம். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: இந்த டெல்ஃபின் பெண்ணுக்கு யார்மேலோ எவ்வளவு ஆசை, பாவம்.

யூனிஸ் பத்தாம் நாள்தான் வில்லை ஒட்டிக் கேட்டாள். பின்பாட்டுக்காரிகளுக்குத் தங்கள் பாட்டைக் கேட்பதில் அவ்வளவு ஆர்வம் இருப்பதில்லை. கேட்டால் முன்பாட்டுக்காரியின் குரல்தான் கேட்கும். இரண்டாவது அடி முடிவதற்குள் அவள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். இடது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. அது துணி பிழிகிற மாதிரி மெல்லத் திருகிக்கொண்டே மேலே வந்தது. தொண்டையில் வந்து, விழுங்கவும் விடாமல் துப்பவும் விடாமல் நின்றது. அவளுக்கு அந்தப் பிடிப்பைத் தெரியும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கணவன் ரூஃபஸ் சொன்ன நேரத்துக்கு வீடு வராத சாயங்காலங்களில் வருவது அது. உலகத்தில் வேறு எந்த ஆம்பிளைக்காகக் காத்திருந்தாலும் ஒரு பெண்ணுக்கு அது அந்த விலாவில், அந்தத் திருகலோடு வராது என்பது அவள் தீர்மானம். டெல்ஃபினுக்கு வந்திருக்கிறதென்றால்?

ரூஃபஸ்தான் அந்த ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. சுருட்டை முடி, தணிந்த குரல், கூடவே ரிப்பேர் வேலையும். கெட்டுப்போன மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வரும் பெண்களில் பாதிப் பேருடைய மிக்ஸி கெட்டிருப்பதில்லை என்று யூனிஸ் ஒரு கணிப்பு வைத்திருந்தாள். பதிவு அன்றைக்கு டெல்ஃபின் கழுத்தில் பட்டையைக் கட்ட அவனுக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. யூனிஸ் கழுத்தில் கட்ட அரை நிமிஷம். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆகவேதான் அந்தப் பதினொரு மணிச் சண்டை. அது வரை மூலையில் உட்கார்ந்து ஒரு ஒயரை எதற்கோ சுரண்டிக்கொண்டிருந்த ரூஃபஸ் எழுந்து வந்தான்.

"யூனி, அது டெல்ஃபின் இல்ல."

"பின்ன யாரு? கீழ சைக்கிள் கடைக்காரரா?"

"நீ."

அவன் பொறுமையாக விளக்கினான். மைக் ஒன்று என்பதால் மூன்று பட்டைகளும் ஒரே பெட்டிக்குள்தான் போகின்றன. பெட்டியின் முகப்பில் பழைய மீட்டர்களிலிருந்து கழற்றி அவனே பொருத்திய மூன்று முட்கள், ஆளுக்கொன்று. பாடும்போது யார் நெஞ்சு எவ்வளவு என்று முள் காட்டும். ஆனால் பதிவாவது மூன்றும் கலந்த ஒன்றுதான். அன்றைக்கு டெல்ஃபினின் முள் செத்த பல்லி மாதிரி கிடந்தது. மெஹருடையது லேசாக ஆடியது. யூனிஸுடையது கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஊர் அழுததெல்லாம் யூனிஸின் நெஞ்சுக்கு.

தன் நெஞ்சு தனக்குத் தெரியாதா என்று யூனிஸ் கேட்டாள்.

"மொத மொத உங்க குரலை ரெக்கார்டுல போட்டுக் காட்டினப்போ, இது நான் இல்ல, எவளோ சளி புடிச்சவன்னு சொன்னீங்களே அக்கா," என்றாள் மெஹர்பானு. "அந்த மாதிரிதான். உள்ள இருக்கறப்போ ஒண்ணா இருக்கும். வெளியிலேர்ந்து வந்தா வேற ஆளுதுன்னு தோணும்."

ரூஃபஸ் பட்டையை எடுத்து யூனிஸின் கழுத்தில் கட்டினான். முள் அசையவில்லை. அவள் வெற்றியோடு எல்லாரையும் பார்த்தாள். அவன் டெல்ஃபினைத் தன் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னான். டெல்ஃபினுக்கு ஏற்கெனவே எரிச்சல். வந்தது வந்தோம் என்று அவன் தோளில் கையை வேறு போட்டாள்.

டக்கென்று சத்தம். முள் கடைசிக் கோட்டில்.

டெல்ஃபின்தான் முதலில் சிரித்தாள். "காதல் பாட்டு காதல் பாட்டுன்னு ஊரே உருகுது. ஒன் வயித்தெரிச்சலா அது?"

ரூஃபஸ் சிரிக்கவில்லை. "நான் பத்து நாளா எம்மேல ஆசைன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றான்.

"ஆசைதாங்க. அது வேற என்ன?" என்றாள் யூனிஸ், பட்டையைக் கழற்றப் பார்த்துக்கொண்டே.

"மெஷினுக்கும் வித்தியாசம் தெரியல அண்ணா, ஜனங்களுக்கும் தெரியல. நீங்க ஏன் தோண்டறீங்க," என்று மெஹர்பானு முடித்துவைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் யூனிஸ் தெருவில் நடந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். டெல்ஃபினைப் பாராட்டியவர்களிடம் நின்று நிதானமாக, குரல் அவளுடையது, நெஞ்சு என்னுடையது என்று திருத்தினாள். மீன்காரர் வஞ்சிரத்தின் நடுத்துண்டைத் தனியாக எடுத்துவைத்தார். தன் கணவனை நினைத்துத் தான் தவித்த தவிப்பில் பெரம்பூரே ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது என்பது சாதாரணமா? அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். ரூஃபஸ் தாமதமாக வந்தால் எங்கே போனீர்கள் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள்.

வினை அங்கேதான் வந்தது. பாட்டை வெளியிட்ட கம்பெனி அடுத்த பாட்டு கேட்டது. 'கொடியிலே உன் சட்டை' என்று இன்னொரு பழைய பாட்டு. ஊருக்குப் போனவனின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே ஒருத்தி பாடுவது. மூன்று தடவை பாடினார்கள். மூன்று முள்ளும் படுத்துவிட்டன. கம்பெனியிலிருந்து, பாட்டு அருமை, ஆனால் சட்டை துவைக்கிற உணர்ச்சி மட்டும்தான் வருகிறது என்று பதில் வந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் அம்பத்தூரில் நாலு பெண்கள் தயாராக இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

திட்டம் போட்டது மெஹர்பானு. யூனிஸ் அக்காவுக்கு எரிய வேண்டும், அவ்வளவுதானே? பாடும்போது ரூஃபஸ் அண்ணா டெல்ஃபின் அக்கா பக்கத்தில் நிற்கட்டும், முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும், அக்கா எதிரே நின்று பார்த்துக்கொண்டே பாடட்டும். எல்லாருக்கும் தெரிந்த நாடகம்தான், ஆனாலும் வயிற்றுக்கு நாடகமா நிஜமா என்று தெரியாது. யூனிஸ் தாராளமாகச் சம்மதித்தாள். இப்போது அவள் ரொம்பத் தாராளமான பெண்மணி. டெல்ஃபின் மட்டும், இதெல்லாம் அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பதிவு தொடங்கியது. ரூஃபஸ் டெல்ஃபினின் முழங்கையை, பேருந்துக் கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகு பெட்டிப் பக்கம். மெஹர்பானு வழக்கம்போலக் கண்ணை மூடிவிட்டாள். எதிரே நின்ற யூனிஸுக்குத்தான் ரூஃபஸின் தோளுக்கு மேல் பெட்டியின் மூன்று முட்களும் தெரிந்தன. முதல் சரணம் போயிற்று. அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பாடாக இருந்தது. தன் முள் படுத்தே கிடப்பதைப் பார்த்து, பாவம் மெஹரு, இவ்வளவு யோசித்தாளே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் சரணத்தில் டெல்ஃபினின் முடிக்கற்றை ஒன்று பட்டையின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. அவள் பாடிக்கொண்டே தலையைச் சாய்த்தாள், வலித்திருக்கும். ரூஃபஸ் முழங்கையை விட்டுவிட்டு, இரண்டு விரலால் அந்தக் கற்றையை மெதுவாக எடுத்துக் காதுக்குப் பின்னால் விட்டான். அது நாடகத்தில் இல்லை. அவனைக் கேட்டால், ஒயர் சிக்கினால் எடுப்பதில்லையா, அந்த மாதிரிதான் என்று சொல்லியிருப்பான்.

டெல்ஃபினின் குரல் இம்மிகூட மாறவில்லை. அவளுடைய முள் எழுந்தது. ஆறு வருஷமாக எந்தப் பாட்டுக்கும் அசையாத முள், கொஞ்சம் எழுந்து, பயந்த மாதிரி நின்று, மறுபடி எழுந்து, பாதித் தூரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. யூனிஸ் பார்த்தாள். அவளுடைய வாய் 'காயல, காயல' என்று பதில் பாடிக்கொண்டே இருந்தது. அடுத்த நொடி அவளுடைய முள் டக்கென்று கடைசிக் கோட்டில் போய் மோதியது.

பாட்டு முடிந்து ரூஃபஸ் திரும்பியபோது மூன்று முட்களும் படுத்திருந்தன. அவன் அவசரமாக வில்லையை ஒட்டிக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் கண் கலங்கியது. மொதப் பாட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றான். யூனிஸைக் கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேல் யூனிஸ் டெல்ஃபினைப் பார்த்தாள். டெல்ஃபின் பட்டையைத் தானே கழற்றிவிட்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

யூனிஸ் பின்னாலேயே போனாள்.

"பாத்துட்டே," என்றாள் டெல்ஃபின்.

"பாத்தேன்."

"அன்னிக்குக் குடைப் பாட்டுல நான் தாளத்தைத்தான் நெனச்சேன். அது பொய் இல்ல."

"இன்னிக்கு?"

டெல்ஃபின் படியின் கைப்பிடியில் பெயர்ந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள். "போயிடுச்சுன்னு நெனச்சிருந்தேன் யூனி. பதினஞ்சு வருஷமா. உள்ள ஒண்ணும் இல்ல, குரல் மட்டும் இருக்குன்னு. இன்னிக்கு எழுந்தப்போ, ஐயோ இருக்கேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் ஒன் மூஞ்சியைப் பாத்தேன்."

"அவருக்குத் தெரியாது."

"தெரிய வேணாம். நான் போயிடறேன்."

போகாதே என்று யூனிஸ் சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் தோளோடு தோள் நின்று பாடியவள். எதிர்வீட்டு அம்மாள் காது கொடுத்துக் கேட்டவரைக்கும், யூனிஸ் எதுவும் சொல்லவில்லை. டெல்ஃபின் இறங்கிப்போக வழிவிட்டுச் சற்றே ஒதுங்கி நின்றாள்.

சட்டைப் பாட்டு குடைப் பாட்டைவிடப் பெரிதாக ஓடியது. முன்பாட்டுக்காரி ஊரில் இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை; நெஞ்சுதான் யூனிஸுடையது என்று அவளே தெருத்தெருவாகச் சொல்லியிருந்தாளே. இப்போது பாராட்டினால் மட்டும் அவள் பேச்சை மாற்றினாள். மீன்காரரிடம் வால் துண்டே போதும் என்றாள்.

ரூஃபஸுக்கு அது பழக்கமாயிற்று. மத்தியானம் சாப்பிட்டவுடன் வில்லையை ஒட்டிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்துவிடுவான். பாட்டு நாலரை நிமிஷம். அவன் அதைச் சில நாள் இரண்டு தடவை கேட்டான், சில நாள் மூன்று தடவை. யூனிஸ் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எண்ணினாள். அந்தப் பாட்டில் ஒரு தவிப்பை மட்டும் தனியாக எடுத்துவிட முடியுமா என்று, யாரோ தெரிந்தவர் கேட்டதாக ஒரு நாள் விசாரித்தாள். பால் ஊற்றின டீயிலிருந்து பாலைத் தனியாக எடுப்பாயா என்று அவன் கேட்டான்.

கடைசியில் ஒரு மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல? டெய்லி கேக்கறீங்க."

"வேற யாரையா கேக்கறேன்? உன்னைத்தானே கேக்கறேன்."

"எந்த எடம் புடிக்கும்?"

அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "ரெண்டாவது சரணம். பெருசா ஒண்ணு வந்து முட்டுது பாரு, அது மொதப் பாட்டுலயும் இருக்கு, அதை விடு. அதுக்கு முன்னாடி ஒண்ணு, மெல்லமா, பயந்து பயந்து எழுந்திருக்குது. எழலாமா வேணாமான்னு கேட்டுக்கிட்டே. அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போடறேன். உனக்குள்ள அப்படி ஒண்ணு இருக்குன்னு பன்னெண்டு வருஷத்துல எனக்குத் தெரியவே தெரியாது யூனி."

"எனக்கும் தெரியாது," என்றாள் யூனிஸ்.

ஜமாலியா சிஸ்டர்ஸ் அத்தோடு கலைந்தது. மெஹர்பானு அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். எந்தப் பாடகிக்கு யாரைப் பக்கத்தில் நிறுத்தினால் முள் எழும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. அங்கேயே ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள், பட்டை கட்டிப் பார்க்காமல். யூனிஸும் ரூஃபஸும் அடுத்த வருஷம் ஆவடிப் பக்கம் வீடு மாறிப் போனார்கள். காற்றோட்டத்துக்காக என்று சொன்னார்கள். ஜமாலியாவில் என்ன காற்றே வராதா என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்.

டெல்ஃபின் போத்தனூர் ரயில்வே காலனிக்குப் போயிருந்தாள். அங்கே மனைவியை இழந்த ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர் ஒருவருடன் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. ரூஃபஸுக்கு வேலை இருந்ததால், அல்லது வேலை இருக்கும்படி யூனிஸ் பார்த்துக்கொண்டதால், அவள் தனியாகப் போய் வந்தாள். மாப்பிள்ளை நல்ல மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. முப்பத்தைந்து வருஷம் என்ஜின் சத்தத்தில் இருந்ததில் இரண்டு காதும் மந்தம். பாட்டே கேட்பதில்லை, வில்லை ஒட்டுகிற பழக்கமும் கிடையாது. டெல்ஃபினுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்கு எந்த மெஷினும் சொல்லப்போவதில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். விருந்தில் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை யூனிஸ் கேக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கவனித்தாள்.

திரும்பி வருகிற ரயிலில், வில்லையை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்கிற ரூஃபஸ் நினைவுக்கு வந்தான்; ஈரோடு தாண்டுவதற்குள், இடது விலாவுக்குக் கீழே அது மறுபடி திருக ஆரம்பித்துவிட்டது.